பிறப்புப் பத்திரத்தில் ஒரு வரி



இதனை எழுதலாமா, வேண்டாமா என்று நெடுநாள் தயங்கினேன். இது என் கதை மட்டுமன்று. என் மகளின் கதையும்கூட. ஆகையால் அவளிடமே கேட்டேன். "எழுதுங்கம்மா. ஆனா என் பேரைப் போடாதீங்க, படத்தையும் போடாதீங்க" என்றாள். 2024-ஆம் ஆண்டுக்கான எஸ்.பி.எம். தேர்வை எழுதி முடித்தவள். தன் கதை யாருக்குச் சொந்தம் என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. எனவே இங்கே அவளுக்குப் பெயரில்லை. மகள் என்றே எழுதுகிறேன்.

எங்களுக்கு 1997-இல் திருமணம் நடந்தது. அடுத்த ஒன்பது ஆண்டுகளைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. மருத்துவம், கோவில், மீண்டும் மருத்துவம். இந்த வழியில் நடந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடவாதவர்களுக்குச் சொல்லி விளங்காது. ஒன்றை மட்டும் சொல்லி நகர்கிறேன். காலை ஏழரை முதல் பிற்பகல் வரை முப்பத்தெட்டுப் பிள்ளைகள் "டீச்சர், டீச்சர்" என்று என் சேலை முந்தானையை இழுப்பார்கள். மாலையில் வீடு திரும்பினால் சுவர்க் கடிகாரத்தின் ஓசை கேட்கும். அந்தக் கடிகாரத்தை ஒருநாள் கழற்றிப் படுக்கைக்கு அடியில் வைத்துவிட்டேன். என் கணவர் ஏன் என்று கேட்கவில்லை.

2006-இன் இறுதியில் எங்களுக்குத் தெரிந்த கன்னியர் ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. அவர்கள் நடத்தும் இல்லத்தில் இந்தோனேசியப் பெண் ஒருத்தி தங்கியிருக்கிறாள், கருவுற்றிருக்கிறாள், வீட்டு வேலைக்கு வந்தவள். குழந்தையின் தகப்பன் பொறுப்பேற்கவில்லை. கருவுற்ற வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இந்நாட்டில் வேலை அனுமதி நிலைக்காது. பிள்ளை பிறந்ததும் அவள் ஊர் திரும்ப வேண்டும். கையில் பிள்ளையோடு ஊர் திரும்ப அவளால் இயலாது.

நாங்கள் அவளைப் பார்க்கச் சென்றோம். பெண் பார்க்கப் போவதைவிடவும் கூச்சமான பயணம் அது. யார் யாரைப் பார்க்கிறோம் என்பதே குழப்பமாக இருந்தது. உண்மையில் அவள்தான் எங்களைப் பார்த்தாள். என் கைகளைப் பார்த்தாள். சுண்ணக்கட்டித் தூள் நகக் கண்ணில் ஒட்டியிருந்தது. "ஆசிரியையா?" என்று மலாயில் கேட்டாள். ஆம் என்றேன். அதன்பின் சற்று இளகிப் பேசினாள்.

அவளுக்கு அப்போது இருபது வயது. புளோரஸ் தீவைச் சேர்ந்தவள். மௌமெரே நகரை அடுத்த கிராமம். 1992 டிசம்பர் 12-ஆம் நாள் அப்பகுதியில் பெரும் நிலநடுக்கமும் ஆழிப் பேரலையும் ஏற்பட்டு இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். அப்போது அவளுக்கு ஆறு வயது. ஒரு தென்னை மரத்தைப் பற்றிக்கொண்டு பிழைத்ததாகச் சொன்னாள். நம் நாட்டில் 2004-க்குப் பிறகே பலர் சுனாமி என்னும் சொல்லைக் கேள்விப்பட்டோம். அவள் அதனைத் தன் வயிற்றில் பிள்ளை வருமுன்பே, பள்ளிக்குப் போகுமுன்பே அறிந்திருந்தாள். அந்தத் தீவின் பெயருக்குப் போர்த்துகீசிய மொழியில் 'மலர்கள்' என்று பொருள் எனப் பின்னர்த் தெரிந்துகொண்டேன். என் மகளின் பெயரில் ஒரு மலர் இருப்பதற்கு அதுவே காரணம்.

எழுந்து வரும்போது அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். பணமன்று. ஆண்டுக்கொரு படமும் அன்று.

"அவளிடம் என் பெயரைச் சொல்வீர்களா?"

சொல்வேன் என்றேன். அந்த ஒரு சொல்லின் எடை எவ்வளவு என்று அன்று எனக்குத் தெரியாது.

இனி எழுதப்போவது சற்றுச் சங்கடமானது. எங்கள் வட்டாரத்தில் ஓர் அம்மையார் இருந்தார். பிள்ளையில்லாதவர்களுக்குப் பிள்ளை 'பார்த்துத் தருபவர்' என்று பெயர். நாங்கள் அவரைத் தேடிப் போகவில்லை. எப்படியோ செய்தி அறிந்து அவரே வந்தார். தேநீர் குடித்துவிட்டு, "எதுக்கு டீச்சர் கோர்ட்டு கச்சேரின்னு அலையப் போறீங்க? பிள்ளை பொறக்கும்போதே உங்க பேரைப் போட்டு சூராட் எடுத்துடலாம். ஒரே வேலை. யாருக்கும் தெரியாது. பிள்ளைக்கே தெரியாது" என்றார். ஒரு தொகையும் சொன்னார். எங்கள் சேமிப்பில் பாதிகூட இல்லை.

பொய்ப் பத்திரம். சட்டப்படி குற்றம். ஆயினும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அன்றிரவு நாங்கள் இருவரும் உறங்கவில்லை. என் கணவருக்குச் சட்ட அச்சம். எனக்கு வேறோர் அச்சம். அவர் பெயரும் என் பெயரும் மட்டும் இருக்கும் ஒரு தாளில், தென்னை மரத்தைப் பற்றிக்கொண்டு பிழைத்த ஒருத்தி எங்கே இருப்பாள்? நான் 'சொல்வேன்' என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தேன். மறுநாள் அந்த அம்மையாருக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பினோம். "படிச்சவங்க, உங்க இஷ்டம்" என்றார். அந்தக் குரல் பல ஆண்டுகள் என் காதில் இருந்தது.

2007 மார்ச்சில் மகள் பிறந்தாள். இரண்டு கிலோ எண்ணூறு கிராம். பெற்றவள் பன்னிரண்டு நாள் உடன் இருந்தாள், பாலூட்டினாள். பதின்மூன்றாம் நாள், தன் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து அதில் பிள்ளையைச் சுற்றி என்னிடம் கொடுத்தாள். அவள் தாய் நெய்த துணி. புளோரஸ் பெண்கள் நூலை நெய்வதற்கு முன்பே கட்டுக்கட்டாக முடிந்து சாயத்தில் தோய்ப்பார்கள். முடிச்சு விழுந்த இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்து நெய்யும்போது கோலம் தானே எழும். அவுரியின் கருநீலமும் மெங்குடு வேரின் செம்பழுப்பும் கலந்த துணி. (மெங்குடு என்பது நம் நுணா இனத்து மரந்தான்.) இன்றுவரை அதனை நான் துவைத்ததில்லை.

தத்தெடுத்தவுடன் பிள்ளைமேல் அன்பு பொங்கி வழிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் முதல் வாரம் எனக்கு வந்தது அன்பன்று, பயம். மகள் இரவெல்லாம் அழுதாள். என் தோளில் அடங்கவில்லை. அந்தத் துணியில் சுற்றினால் அடங்கினாள். துணியில் அவளைப் பெற்றவளின் வாசம் இருந்தது. ஒரு துணியின் மேல் பொறாமைப்பட்ட தாயை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான்தான் அவள். ஒருநாள் அதிகாலை மூன்று மணிக்கு அந்தத் துணியை அலமாரியில் பூட்டிவிட்டேன். அரைமணி நேரம் அழுகை நிற்கவில்லை. என் மாமியார் எழுந்து வந்து, சாவியை வாங்கி, துணியை எடுத்து, பிள்ளையையும் என்னையும் சேர்த்துப் போர்த்திவிட்டுப் போனார். "எந்த ஊரோ, எந்தச் சாதியோ" என்று தொடக்கத்தில் முணுமுணுத்தவர் அவர்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை.

சட்ட வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்; தத்தெடுக்க எண்ணும் பெற்றோர் சிலர் இதனைப் படிக்கக்கூடும். நம் நாட்டில் இதற்கு 1952-ஆம் ஆண்டின் இரு சட்டங்கள் உள்ளன. ஒன்று, பிள்ளையைத் தொடர்ந்து இரண்டாண்டுகளேனும் வளர்த்தபின் தத்தைப் பதிவு செய்துகொள்வது. மற்றொன்று, நீதிமன்றம் வழித் தத்தெடுப்பது. இது முஸ்லிம் அல்லாதாருக்கு மட்டும். பெற்றவர் ஒப்புதல் வேண்டும். ஆணைக்கு முன் மூன்று மாதமாவது பிள்ளை நம் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். சமூக நல அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு வந்த அதிகாரி குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, நான் முதல் நாள் வாங்கி அடுக்கிய பழங்களைக் கண்டு சிரித்துவிட்டார். எல்லா வீட்டிலும் இப்படித்தானாம்.

2008-இல் நீதிமன்ற ஆணை கிடைத்தது. அதனைக் கொண்டு புதிய பிறப்புப் பத்திரம் பெற்றோம். தந்தை இடத்தில் என் கணவர் பெயர்; தாய் இடத்தில் என் பெயர். 'தத்து' என்ற சொல்லே இல்லை. கண்கள் நிறைந்து விட்டன. என் கணவர்தான் கீழே ஒரு வரியைக் காட்டினார். 'பூக்கான் வார்காநெகாரா' என்று இருந்தது. குடிமகள் அல்லள்.

முகப்பில் இருந்தவரிடம் தவறு நேர்ந்துவிட்டது என்றேன். தவறில்லை என்று விளக்கினார்; பணிவாகவே விளக்கினார். தத்தெடுத்தால் பிள்ளை நம் பிள்ளை ஆகும். நாட்டின் பிள்ளை ஆகாது. மணவாழ்வுக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு, நம் அரசியலமைப்பின்படி பெற்ற தாயின் நிலையே கணக்கு. அவள் இந்தோனேசியர். ஆகவே எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் பிறந்து, இட்டிலி தின்று, "நிலா நிலா" என்று கைகொட்டிக்கொண்டிருந்த என் மகள் அயல்நாட்டுக் குழந்தை. இந்தோனேசியப் பத்திரம் எதுவும் அவளிடம் இல்லை. அங்கேயும் அவளைத் தெரியாது.

அன்று மாலை சின்னம்மா வீட்டுக்கு வந்திருந்தார். சின்னம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் தாத்தாவும் பாட்டியும் பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். 1958-இல், தோட்டத்துக்குக் காய்கறி கொண்டுவரும் சீனர் ஒருவர், பிறந்து இருபது நாளான பெண் குழந்தையைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். ஆறாவது பெண். வளர்க்க வழியில்லை. பாட்டி வாங்கிக்கொண்டார். நம் தோட்டங்களில் இப்படி வளர்ந்த சீனப் பெண்கள் எத்தனையோ பேர். வறுமை ஒரு காரணம்; பிறந்த நேரம் குடும்பத்துக்கு ஆகாது என்று கொடுத்தவர்களும் உண்டு. சின்னம்மா என் அம்மாவின் தங்கையாகவே வளர்ந்தார், தமிழ்ப்பள்ளியில் படித்தார், தமிழரை மணந்தார், ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறார். சந்தையில் யாராவது அவரிடம் சீனத்தில் பேசினால், "எனக்குத் தமிழ்தாங்க வரும்" என்பார். கடைக்காரர் திகைப்பதைப் பார்க்க எங்களுக்குச் சிறுவயதில் ஒரே கொண்டாட்டம்.

சின்னம்மா பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "என்னை எந்த நாடுன்னு யாரும் கேட்கலியே ஆயி" என்றார்.

கேட்கவில்லைதான். தோட்டத்துக் கிராணி, தாத்தாவையும் பாட்டியையும் பெற்றோராக எழுதிப் பிறப்பைப் பதிந்துவிட்டார். எங்கள் வட்டாரத்து அம்மையார் எங்களுக்குச் செய்து தருவதாகச் சொன்ன அதே வேலை. வேடிக்கை என்னவென்றால், அதற்கு அன்று தேவையே இருக்கவில்லை. 1957 ஆகஸ்டு 31 தொடங்கி 1962 அக்டோபருக்கு முன்புவரை இம்மண்ணில் பிறந்த ஏறக்குறைய எல்லாருமே பிறப்பால் குடிமக்கள். உண்மையை எழுதியிருந்தாலும் சின்னம்மாவுக்கு நீல அடையாள அட்டைதான். பொய்யால் அவருக்குப் புதிதாகக் கிடைத்தது ஒன்றுமில்லை. பெற்றவள் பெயர் மட்டும் போயிற்று. காய்கறிக்காரர் எந்தக் கம்பத்திலிருந்து வந்தார் என்பதுகூட இன்று யாருக்கும் தெரியாது.

அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ், 21 வயதுக்கு உட்பட்டவரைச் சிறப்புச் சூழ்நிலையில் குடிமகனாகப் பதிய அரசாங்கத்துக்கு அதிகாரம் அன்று இருந்தது. விண்ணப்பிப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2010-இல் விண்ணப்பித்தோம். 2013-இல் பதில் வந்தது. மூன்று வரிக் கடிதம். நிராகரிக்கப்பட்டது. காரணம் இல்லை. நான் முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்தினால், மதிப்பெண் குறைத்த இடத்தில் ஏன் என்று எழுதுகிறேனே என்று எண்ணிக்கொண்டேன்.

2014 சனவரியில் மகள் முதலாம் ஆண்டில், நான் பணியாற்றிய பள்ளியிலேயே சேர்ந்தாள். குடிமக்கள் அல்லாத தொடக்கப்பள்ளி மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் 120 ரிங்கிட். கட்டினோம். அது பெரிதன்று. பாடநூல் இரவல் திட்டத்துக்கு அப்பள்ளியில் நான்தான் பொறுப்பாசிரியை. அத்திட்டம் குடிமக்களுக்கு உரியது. பட்டியலை நானே தயாரித்தேன். என் மகளின் பெயரை நானே விட்டுவிட்டேன். நூல் வழங்கும் நாளன்று மற்றப் பிள்ளைகள் வரிசையில் நின்று, நூல்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்கள். மகளும் வரிசையில் நின்றுவிட்டாள். அவளுக்குத் தெரியாதல்லவா? மேசை முன் வந்து கையை நீட்டினாள். கடையில் வாங்கிய நூல்கள் வீட்டில் அட்டை போட்டு வைத்திருந்தன. அதனை அவளிடம் சொல்ல மறந்திருந்தேன். "உனக்கு வீட்ல இருக்கு கண்ணு" என்றேன். "ஏன் டீச்சர், எனக்கு மட்டும்?" என்று கேட்டாள். பள்ளியில் அவள் என்னை டீச்சர் என்றுதான் அழைப்பாள்.

நான் பதில் சொல்லவில்லை. அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டேன்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு செய்தி. அவ்வாண்டே 'என் குடும்பம்' பாடம் வந்தது. நான் அதுவரை இருபது ஆண்டுகளாக அந்தப் பாடத்தை நடத்தியவள்தான். குழந்தைப் பருவப் படம் கொண்டு வா, நீ யார் சாயல் என்று எழுது, குடும்ப மரம் வரை. ஒருமுறைகூட, இந்தக் கேள்வி எந்தப் பிள்ளையை எங்கே தைக்கும் என்று எண்ணிப் பார்த்ததில்லை. மகள் இப்படி எழுதியிருந்தாள்: "நான் என் அம்மாவைப் போல் இருக்கிறேன். அம்மா புளோரஸில் இருக்கிறார். என் அம்மா எனக்குத் தோசை சுடுவார்." வகுப்பாசிரியை சிவப்பு மையால் முதல் 'அம்மா'வை அடித்து 'பாட்டி' என்று திருத்தியிருந்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவருக்கு விவரம் தெரியாது. நானாக இருந்தாலும் அப்படித்தான் திருத்தியிருப்பேன். ஆனால் மகள் அன்று வீட்டுக்கு வந்து அழிப்பானால் சிவப்பு மையைத் தேய்த்துத் தேய்த்துத் தாளையே கிழித்துவிட்டாள். இப்போது நான் அந்தப் பாடத்தில், "உன்னோடு வீட்டில் இருப்பவர்களைப் பற்றி எழுது, யார் பெயரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்" என்று சொல்கிறேன். பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைக்கும், தந்தை சிறையில் இருக்கும் பிள்ளைக்கும் அது எளிதாக இருப்பதை அதன்பிறகே கவனித்தேன்.

அவள் தத்துப்பிள்ளை என்பதை நாங்கள் ஒருநாளும் மறைத்ததில்லை. இரண்டு வயதிலிருந்தே அது அவளுக்கு உறங்கும்நேரக் கதை. கடலுக்கு அப்பால் ஒரு தீவு, தீவில் ஒரு தென்னை மரம், மரத்தைப் பிடித்துக்கொண்ட ஒரு சிறுமி. அந்தச் சிறுமியின் பெயரைச் சொல்லித்தான் கதையை முடிப்பேன். வாக்குக் கொடுத்தபடி. இதனால் பிள்ளை குழம்பிப்போவாள் என்று உறவினர் சிலர் எச்சரித்தனர். அவள் குழம்பவில்லை. பத்திரந்தான் அவளைக் குழப்பியது.

என் கணவரின் தம்பி குடும்பம் சிங்கப்பூரில் இருக்கிறது. 2015-இல் அவர்கள் மகனுக்குக் காதணி விழா. கடப்பிதழ் இல்லாத பிள்ளை பாலத்தைத் தாண்ட முடியாது. ஜொகூர் பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய நீளந்தான். நானும் மகளும் ஜொகூர் பாருவில் விடுதி அறையில் தங்கினோம். அவர் மட்டும் போய்வந்தார். சன்னலில் இருந்து பார்த்தால் அக்கரையின் விளக்குகள் தெரிந்தன. "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள். எட்டு வயது.

அன்றிரவுதான் எனக்கு அந்த அம்மையாரின் முகம் நினைவுக்கு வந்தது. ஒரே வேலை, யாருக்கும் தெரியாது. நாங்கள் நேர்மையாக நடந்தோம் என்று எவ்வளவு பெருமைப்பட்டிருப்போம்! அந்த நேர்மைக்கான கட்டணத்தை நாங்களா கட்டினோம்? வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியவள் கட்டினாள். என் கணவரிடம் இதனைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவளுக்குப் பெரிய வயசு ஆகட்டும். அவளே சொல்லுவா, நாம செஞ்சது சரியா தப்பான்னு" என்றார். எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை.

2016-இல் இரண்டாவது முறையும் நிராகரிப்பு. மூன்றாவது முறை விண்ணப்பித்தோம். இடையில் அவளுக்கு டிங்கிக் காய்ச்சல் வந்து, மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம் கட்டிய கதை ஒன்று உண்டு, அது வேண்டாம். பன்னிரண்டு வயது நெருங்க நெருங்க எங்களுக்கு உறக்கம் போயிற்று. பன்னிரண்டு நிறைந்ததும் குடிமக்கள் எல்லாரும் அடையாள அட்டை எடுக்க வேண்டும். வகுப்பில் பிள்ளைகள் ஒவ்வொருவராக அட்டை எடுத்து வந்து, படத்தில் யார் அசிங்கமாக இருக்கிறார் என்று சிரித்து விளையாடுவார்கள். மகள் எங்களிடம் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் கேட்டதைவிடக் கொடுமை.

2019 ஆகஸ்டில் கடிதம் வந்தது. மூன்று வரிதான். இம்முறை வேறு மூன்று வரி. நான் பள்ளியில் இருந்தேன். கணவர் தொலைபேசியில் படித்துக் காட்டினார். பாடவேளை நடந்துகொண்டிருந்ததால் அழவும் முடியவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, எழுதியிருந்ததன்மேலேயே மீண்டும் எழுதினேன். ஏன் இருமுறை இல்லை என்றார்கள், ஏன் மூன்றாம் முறை ஆம் என்றார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது.

நாங்கள் நல்வாய்ப்புப் பெற்றவர்கள். 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம், பிறந்ததும் கைவிடப்பட்டுத் தத்தெடுக்கப்பட்ட ஓர் இளையருக்குக் குடியுரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அவரைப் பெற்றவர் யாரென்று தெரியாததே அங்கு முக்கியம். எங்கள் மகளைப் பெற்றவள் யாரென்று தெரியும். அவள் பெயரை நாங்கள் காப்பாற்றி வைத்தோம். சட்டத்தின் கண்ணில் அந்தப் பெயரே தடை. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம், மலேசியத் தாய்மாருக்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்குக் குடியுரிமை வழங்குகிறது; மகிழ்ச்சி. அத்திருத்தம் 15ஏ பிரிவின் வயது வரம்பை 21-இலிருந்து 18-ஆகக் குறைக்கவும் செய்தது. காத்திருக்கும் தத்துப் பெற்றோர் எனக்குத் தெரிந்தவரை சிலர் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது: காலம் தாழ்த்தாதீர்கள். எல்லாக் கடிதங்களுக்கும் படி எடுத்து வையுங்கள்.

மகளைப் பெற்றவளுக்கு ஆண்டுதோறும் அந்தக் கன்னியர் வழியாகக் கடிதம் எழுதிவந்தோம். பல ஆண்டுகள் பதில் இல்லை. 2022-இல் ஒரு கடிதம் வந்தது. அவளுக்குத் திருமணம் ஆகி இரண்டு பிள்ளைகள். கணவருக்கு இது தெரியாது. கிராமத்துக்கு வரவேண்டாம், மௌமெரே நகருக்கு வந்தால், சந்தை நாளில் தான் வந்து பார்ப்பதாக எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை மகள் பல நாள் மேசை மேலேயே வைத்திருந்தாள். "அப்ப அங்கேயும் நான் ஒளிஞ்சுதான் இருக்கணுமா?" என்றாள். போகமாட்டேன் என்றாள். பிறகு போகிறேன் என்றாள். தேர்வு முடிந்ததும் அவளே பயணச்சீட்டு விலை பார்க்கத் தொடங்கினாள். பாலி வழியாகப் போக வேண்டும். நானும் வருகிறேன்; ஆனால் சந்தைக்கு அவள் மட்டும் போவாள் என்பது ஏற்பாடு. அது என் ஏற்பாடன்று.

ஒருநாள் அவளிடம் அந்த அம்மையாரின் கதையை முழுவதும் சொன்னேன். நாங்கள் அன்று சரியென்று சொல்லியிருந்தால் பாலமும் தாண்டியிருப்பாய், நூலும் கிடைத்திருக்கும் என்றேன். சிறிது நேரம் யோசித்தாள். "எட்டு வயசுல கேட்டிருந்தா, பொய்ப் பத்திரமே போதும்னு சொல்லியிருப்பேன்மா" என்றாள். இப்போது என்ன சொல்வாய் என்று நான் கேட்கவில்லை.

சென்ற ஞாயிறு சின்னம்மா வந்தார். வயது ஆகிவிட்டது, முட்டி வலி. கட்டிலில் விரித்துப் போட்டிருந்த பெட்டியையும், அதில் மகள் மடித்து வைத்திருந்த கருநீலத் துணியையும் பார்த்தார். துணியைத் தடவிக் கொடுத்தார். பெற்றவள் பெயர் என்ன என்று கேட்டார். மகள் சொன்னாள். சின்னம்மா அந்தப் பெயரை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். நாவில் சரியாக வரவில்லை. மகள் திருத்தினாள். மீண்டும் சொன்னார்.

"கூடையில என்னைக் கொண்டாந்தாங்களே, அந்தம்மா பேரு என்னவோ" என்றார், யாரையும் பார்க்காமல்.

பிறகு பையிலிருந்து ஐம்பது ரிங்கிட் நோட்டு ஒன்றை எடுத்து மகளின் கையில் வைத்தார். "போற எடத்துல வெறுங்கையோட நிக்காதே. அவங்களுக்கு ஒரு நல்ல சேலை எடுத்துட்டுப் போ" என்றார். சேலை கட்டமாட்டார்கள் பாட்டி என்று மகள் சொல்ல, கட்டாவிட்டால் என்ன, வைத்துக்கொள்ளட்டும் என்று சின்னம்மா சொல்ல, இருவரும் நெடுநேரம் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நாளை நகர்ப்புறம் போய் எடுக்கப் போகிறோம். நிறம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை.